கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை: வீட்டு வாசலிலிருந்து முடிவு கைக்கு வரும்வரை

திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பக்கம் திண்ணையில் அமர்ந்து, பீடித் தட்டை மடியில் வைத்து இலை சுருட்டிக்கொண்டிருக்கும் பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் வரும் முதல் பதில் இதுதான்: "எனக்கு ஒரு நோக்காடும் இல்லையே யக்கா, நான் எதுக்கு வரணும்?" கிராமச் சுகாதாரச் செவிலியராக இந்தச் சீமையில் பல ஆண்டுகள் வீடுவீடாக நடந்த நான், இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பி வந்த வாசல்கள் ஏராளம். அவற்றுள் ஒரு வாசலிலிருந்து சில ஆண்டுகளுக்குப் பின் அதே பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. அன்று அவருக்கு நோக்காடு இருந்தது, காலம்தான் கடந்திருந்தது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய, நோக்காடு இல்லாத நாளில் செய்துகொள்வதற்காகவே இந்தப் பரிசோதனை ஏற்பட்டது. இதைப் புரிந்துகொள்ளாத வரையில் மற்ற எந்த விளக்கமும் பயன்படாது என்பதால், இந்த வழிகாட்டியை எங்கே போவது என்பதிலிருந்து தொடங்காமல், உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: நோய் எப்படி வளர்கிறது என்பதை அறிவது

கர்ப்பப்பையின் அடிப்பகுதி குறுகி, பிறப்புறுப்புப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடமே கர்ப்பப்பை வாய். மாதவிலக்கு இரத்தம் இதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. பிரசவத்தின்போது விரிந்து கொடுப்பதும் இதுவே. இந்த வாயின் உட்புறத் தோலும் வெளிப்புறத் தோலும் ஒன்றையொன்று சந்திக்கும் வளையம் போன்ற பகுதியில் செல்கள் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. புற்றுநோய் பெரும்பாலும் இந்த வளையத்தில்தான் தொடங்குகிறது. கருவியின் உதவியுடன் கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பதால், உடம்பின் ஆழத்தில் வரும் மற்றப் புற்றுநோய்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு இதற்கு இருக்கிறது: புற்றாக மாறுவதற்கு முன்பே பார்த்து நீக்கிவிடலாம்.

நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெரால்ட் சூர் ஹாசன் 1983-84ஆம் ஆண்டுகளில் இந்த வைரஸின் 16, 18ஆம் வகைகளைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுத் திசுவில் கண்டறிந்தார். அதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார். உலகில் ஏற்படும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த இரண்டு வகைகளால் வருபவை. உடலுறவின்போது தோலோடு தோல் படுவதால் தொற்றும் இந்த வைரஸ், திருமணமான ஆண், பெண் ஆகியோரில் மிகப் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போகிறது. வந்தது தெரியாது, போனதும் தெரியாது. பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதை விரட்டிவிடுகிறது. சிலருக்கு மட்டும் அது தங்கிவிடுகிறது. அப்படித் தங்கிய இடத்தில் செல்கள் மெல்ல மாறுகின்றன. அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களைப் போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே முற்றிவிடக்கூடும்.

அந்தப் பதினைந்து ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். மூத்த பிள்ளை பால்வாடிக்குப் போகும் காலத்தில் தொடங்கி, அதே பிள்ளை கல்லூரியை முடிக்கும்வரை அந்த மாற்றம் வலியில்லாமல், இரத்தமில்லாமல், வெள்ளைபடுதல்கூட இல்லாமல் உள்ளே இருந்துகொண்டிருக்கிறது. நமக்கு அத்தனை நீண்ட அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் இந்தப் பரிசோதனையை எப்போதாவது செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 100க்கு 2 பேர்கூட இல்லை. தமிழ்நாடு நாட்டிலேயே முன்னணியில் இருந்தும், இங்கும் அந்த எண்ணிக்கை 10ஐ எட்டவில்லை.

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். உடலுறவால் தொற்றும் வைரஸ் என்று சொன்னவுடன், நோய் வந்த பெண்ணின் நடத்தையைப் பற்றியோ கணவரின் நடத்தையைப் பற்றியோ வீட்டுக்குள் பேச்சு எழுகிறது. இந்த வைரஸ் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து பின்னர் வெளிப்படக்கூடியது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஒருவரையன்றி வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் வரும், அவர் கணவருக்கும் வரும். நடத்தைக்கு இது சாட்சி ஆகாது. இந்தப் பேச்சுக்கு அஞ்சியே பரிசோதனைக்கு வர மறுத்த பெண்களை நான் கண்டிருக்கிறேன். அந்த அச்சத்தை அவர்களுக்குள் விதைத்த நாக்குகளை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

இரண்டாம் படி: நமக்குத் தேவையா என்று முடிவு செய்வது

அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயது முதல் 65 வயது வரையிலான எல்லாப் பெண்களுக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. எச்.ஐ.வி. தொற்று உள்ள பெண்கள் 25 வயதிலேயே தொடங்கி, இன்னும் குறைந்த இடைவெளியில் செய்துகொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இளம் வயதில் திருமணம் ஆனவர்கள், பல பிரசவங்கள் கண்டவர்கள், புகைபிடிப்பவர்கள், கருத்தடை மாத்திரையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். ஆனாலும் இவற்றுள் ஒன்றும் பொருந்தாதவர் என்பதற்காக எவரும் விலக்குப் பெற முடியாது.

விலக்கு உண்டு என்று பெண்கள் தாமாகவே கருதிக்கொள்ளும் சில காரணங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் அதிகம் பேர் தவறிப்போவது இங்கேதான்.

"குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சு" என்பார்கள். அந்த அறுவைச் சிகிச்சையில் கட்டப்படுவது கருக்குழாய். கர்ப்பப்பை வாயை அது தொடுவதே இல்லை. "தீட்டு நின்னு போச்சு, இனிமே என்ன?" என்பார்கள். மாதவிலக்கு நின்ற பின்னரே இந்நோய் பலருக்குத் தெரிய வருகிறது. "ஆஸ்பத்திரியில காப்பர்-டி வச்சப்போ பாத்தாங்களே" என்பார்கள். காப்பர்-டி பொருத்தும்போது கருவி வைத்துப் பார்ப்பது உண்மைதான். ஆனால் அது இந்தப் பரிசோதனை ஆகாது. காப்பர்-டி உள்ளே இருக்கும்போதே பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது, "எனக்குக் கர்ப்பப்பையையே எடுத்தாச்சு" என்னும் பதில். கர்ப்பப்பையை எடுக்கும் அறுவைச் சிகிச்சையில் சிலருக்கு வாய்ப்பகுதியையும் சேர்த்து எடுப்பார்கள். சிலருக்கு வாய்ப்பகுதியை விட்டுவிட்டு மேற்பகுதியை மட்டும் எடுப்பார்கள். வாய் இருக்கும்வரை பரிசோதனை தேவை. எடுத்தது எது என்று அந்தப் பெண்ணுக்குப் பல நேரங்களில் தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டைத் தேடி எடுத்துச் செவிலியரிடம் காட்டுங்கள். சீட்டு தொலைந்திருந்தால், கருவி வைத்துப் பார்த்தவுடன் அவருக்கே தெரிந்துவிடும். வாயும் சேர்த்து எடுக்கப்பட்டு, எடுத்த திசுவில் புற்றோ அதற்கு முந்தைய மாற்றமோ இல்லை என்று உறுதியாகியிருந்தால் மட்டுமே இனிப் பரிசோதனை வேண்டியதில்லை.

இதையொட்டி இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். வெள்ளைபடுகிறது, பெரும்பாடு இருக்கிறது என்பதற்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும், எடுப்பதற்கு முன் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். உள்ளே புற்று இருப்பதை அறியாமல் சாதாரணமாக அறுத்தெடுத்தால், நோயின் ஒரு பகுதி உள்ளேயே தங்கிப்போகக்கூடும். அதன் பின் செய்ய வேண்டிய சிகிச்சையும் கடினமாகிவிடும். எனக்கு உறவு முறையில் மைனியான ஒருவருக்கு ஒரு மருத்துவமனையில் இப்படித்தான் நடந்தது. எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே புற்று என்று தெரிய வந்தது. ஒரு வாரம் முன்னதாக, சில நிமிட நேரப் பரிசோதனை ஒன்றைச் செய்திருந்தால் சிகிச்சையின் வழியே வேறாக இருந்திருக்கும்.

ஏற்கெனவே அறிகுறி உள்ளவர்கள் முறை வருவதற்காகக் காத்திருக்கக் கூடாது. உடலுறவுக்குப் பின் இரத்தம் படுவது, இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவே இரத்தம் போவது, மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அது, நாற்றத்துடனோ இரத்தம் கலந்தோ வெள்ளைபடுவது, விடாத அடிவயிற்று வலியோ இடுப்பு வலியோ, காரணமில்லாமல் ஒரு காலில் வீக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் முகாமையோ அடுத்த மாதத்தையோ எதிர்பாராமல் மருத்துவரை நேரடியாகப் பாருங்கள். தீட்டு நின்ற ஆச்சிக்கு மீண்டும் இரத்தம் படுவதை "திரும்பவும் வந்துட்டு" என்று மகள்களிடம்கூடச் சொல்லாமல் மறைப்பது நம் பக்கத்தில் வழக்கம். அவர்களிடம் கேட்டு அறிவது மகள்களின், மருமகள்களின் பொறுப்பு.

மூன்றாம் படி: எங்கே போவது

அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையமே போதுமானது. அங்கே தொற்றா நோய்ப் பிரிவில் இருக்கும் செவிலியர், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் பரிசோதிக்கப் பயிற்சி பெற்றவர். தமிழ்நாட்டில் 2012 முதல் இந்த ஏற்பாடு விரிவாக்கப்பட்டு வந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலரிடம் கேட்டாலும் எந்த நாளில் போகலாம் என்று சொல்வார். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்கும் போகலாம். மேல் பரிசோதனையும் சிகிச்சையும் தேவைப்பட்டால், பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அரசு இடங்களில் இந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. ஐயமிருந்தால் 104 என்னும் எண்ணில் அழைத்து விவரம் கேட்கலாம்.

செவிலியர் கையால் நடக்கும் பரிசோதனை தரமாக இருக்குமா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அதற்கான விடை நம் தென்மாவட்டங்களுள் ஒன்றான திண்டுக்கல்லிலேயே கிடைத்திருக்கிறது. அங்குள்ள கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே பரிசோதனை செய்தார்கள். பரிசோதனை கிடைத்த கிராமங்களையும் வழக்கமான மருத்துவ வசதி மட்டும் இருந்த கிராமங்களையும் ஒப்பிட்டதில், நோய் வருவது 25 விழுக்காடும் அதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாகி உலகெங்கும் எடுத்துக்காட்டப்பட்ட ஆய்வு அது. நம்மைப் போலவே களையெடுக்கவும் நாற்று நடவும் போகும் பெண்கள் வேலை நாளை விட்டுவிட்டு வந்து நின்றதால் உலகுக்குக் கிடைத்த அறிவு என்று நான் அதை மதிக்கிறேன்.

நான்காம் படி: நாளைக் குறிப்பது

மாதவிலக்கு நடக்கும் நாட்களில் போக வேண்டாம். விலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 10 முதல் 20 நாட்களுக்குள் போவது வசதியானது. போவதற்கு முந்தைய இரண்டு நாட்கள் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். பிறப்புறுப்பினுள் மருந்தோ மாத்திரையோ வைக்கக் கூடாது. உட்புறத்தைச் சோப்பாலோ டெட்டாலாலோ கழுவக் கூடாது. சுத்தமாகப் போக வேண்டும் என்ற எண்ணத்தில் உள்ளே கழுவிவிட்டு வருபவர்கள் பலர். அது பரிசோதனையையே பழுதாக்கிவிடும். வழக்கம்போல் குளித்துவிட்டு வந்தால் போதும். கர்ப்பமாக இருந்தாலோ பிரசவமாகி மூன்று மாதம் முடியாவிட்டாலோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; வேறு நாள் தருவார்கள்.

வெறும் வயிற்றுடன் போக வேண்டியதில்லை. சேலையோ பாவாடையோ உடுத்திப் போனால் உடையை முழுவதும் களைய வேண்டிய சங்கடம் இருக்காது. ஆதார் அட்டை, கைப்பேசி எண், பழைய மருத்துவச் சீட்டுகள், கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி ஆகியவற்றைக் கையோடு வைத்திருங்கள்.

நாள் குறிப்பதில் இன்னொரு தடையும் உண்டு. அதை மருத்துவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. பீடி சுற்றும் பெண்ணுக்கு ஒரு நாள் போனால் அன்றைய கணக்கு குறையும். பத்தமடையில் பாய் முடைபவருக்கும், நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் இதே நிலைதான். பிசான நடவு நேரத்திலும் அம்மன் கோயில் கொடை நடக்கும் வாரத்திலும் எவரும் வர மாட்டார்கள். அவர்களை அந்த வாரத்தில் அழைப்பதும் முறையன்று. நான் கண்ட எளிய வழி, சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாதந்தோறும் மாத்திரை வாங்கப் போகும் நாளிலேயே இதையும் முடித்துக்கொள்வது. மாத்திரை வாங்காதவர்கள், அப்படிப் போகும் மாமியாருக்கோ அம்மாவுக்கோ துணையாகப் போய் இருவரும் சேர்ந்தே செய்துகொள்ளலாம். தெருவில் நான்கு பேர் ஒன்றாகப் போனால் கூச்சமும் பாதியாகக் குறைகிறது.

ஐந்தாம் படி: அறைக்குள் நடப்பது

பெண்களுக்கு உள்ள அச்சத்தில் பெரும்பகுதி அறைக்குள் என்ன செய்வார்கள் என்று தெரியாததால் வருவது. ஆகவே நடப்பதை நடக்கிறபடியே சொல்கிறேன்.

முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். திரையிட்ட இடத்தில், உள்ளாடையைக் களைந்துவிட்டு, மேசையில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி அகற்றி வைத்துக்கொள்ள வேண்டும். வாத்தின் அலகு போல விரியும் ஸ்பெகுலம் என்னும் சிறு கருவியை உள்ளே செலுத்தி, கர்ப்பப்பை வாய் தெரியும்படி விரிப்பார்கள். அந்த நொடியில் ஓர் அழுத்தம் தெரியும்; கருவி உலோகமாக இருந்தால் குளிர்ச்சியும் தெரியும். இடுப்பை இறுக்கினால்தான் வலிக்கும். வாயைத் திறந்து மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் உடல் தானாகத் தளரும். வலித்தால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. செய்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றோ, துணைக்கு வந்தவர் உடனிருக்க வேண்டும் என்றோ கேட்கவும் கூச்சப்பட வேண்டியதில்லை.

அதற்கு மேல் நடப்பது பரிசோதனையின் வகையைப் பொறுத்தது. ஆரம்பச் சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் செய்யப்படுவது வி.ஐ.ஏ. என்னும் முறை. நம் சமையலறை வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை 3 முதல் 5 விழுக்காடு அளவில் நீர்த்து, பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறிய செல்கள் இருக்கும் இடம் வெளுத்துத் தெரியும். லேசான எரிச்சல் தோன்றலாம். சற்று நேரத்தில் அடங்கிவிடும். விடை அப்போதே கிடைத்துவிடுவது இதன் பெரிய நன்மை. ஆனால் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, முன்பு சொன்ன அந்த வளையம் உள்ளே இழுத்துக்கொள்வதால், இந்த முறையில் சரியாகத் தெரியாமல் போகக்கூடும். அவர்கள் வேறு முறையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

பாப் ஸ்மியர் என்பது இரண்டாவது முறை. கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பாப்பனிக்கொலாவ் என்னும் மருத்துவரின் பெயரால் வழங்கும் இது, சிறு மரக்குச்சியாலோ தூரிகையாலோ வாயின் மேற்பரப்பை மெல்ல வருடிச் செல்களை எடுத்து, கண்ணாடித் துண்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்பது. மூன்றாவது, ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை. செல்கள் மாறுவதற்கு முன்பே வைரஸ் இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவதால், உலகச் சுகாதார நிறுவனம் முதன்மையாகப் பரிந்துரைப்பது இதையே. இதில் வைரஸ் இல்லை என்று வந்தால் 5 முதல் 10 ஆண்டுகள்வரை நிம்மதியாக இருக்கலாம். இதற்கான மாதிரியை, சொல்லிக் கொடுத்தபடி பெண் தானே எடுத்துக் கொடுக்கவும் முடியும். கூச்சமே தடையாக இருப்பவர்கள், அந்த வசதி இருக்கிறதா என்று கட்டாயம் கேட்டுப் பாருங்கள். எந்த முறையாக இருந்தாலும், அறைக்குள் போய் வெளியே வர பத்து நிமிடத்துக்கு மேல் ஆவது அரிது. அதன் பின் ஓரிரு நாள் சிறு கறை படலாம். வேலைக்குப் போகத் தடையில்லை.

ஆறாம் படி: முடிவைக் கையில் வாங்குவது

பரிசோதனை செய்துகொண்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். பாப் ஸ்மியருக்கும் ஹெச்.பி.வி. பரிசோதனைக்கும் முடிவு பின்னர்தான் வரும். ஒரு முகாமில் மாதிரி கொடுத்த பெண்ணொருவர், "கூப்பிடலையே, அப்போ நல்லாத்தான் இருக்கும்" என்று இருந்துவிட்டார். முடிவு ஒரு மேசை இழுப்பறையில் கிடந்தது. அவர் கொடுத்திருந்த கைப்பேசி எண் மாறிப்போயிருந்தது. அழைப்பு வராததை நல்ல செய்தி என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எப்போது வரும், யாரிடம் வாங்க வேண்டும், யாரை அழைக்கலாம் என்னும் மூன்றையும் அன்றே கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். எழுத இயலாதவர்கள் செவிலியரையே எழுதித் தரச் சொல்லுங்கள். கணவரின் எண்ணை மட்டும் கொடுக்காமல், எடுத்துப் பேசக்கூடிய இன்னொரு பெண்ணின் எண்ணையும் கொடுங்கள்.

ஏழாம் படி: பாசிட்டிவ் என்று வந்தால்

இந்த ஒரு சொல்லைக் கேட்டவுடன் பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்து அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருளில்லை. வி.ஐ.ஏ.வில் வெளுத்துத் தெரிவது சாதாரண அழற்சியாலும் இருக்கலாம். ஹெச்.பி.வி. இருக்கிறது என்றால் வைரஸ் இருக்கிறது என்று மட்டுமே பொருள். அடுத்ததாக, கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கருவியால் அந்த இடத்தைக் கூர்ந்து பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அரிசி மணி அளவுக்குச் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எடுக்கும்போது கிள்ளுவது போல இருக்கும்.

அந்த முடிவில் மாற்றத்தின் அளவை 1, 2, 3 என்று குறிப்பார்கள். முதல் அளவு பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். கவனித்து வந்தால் போதும். இரண்டும் மூன்றும் இருந்தால் சிகிச்சை வேண்டும். அந்தச் சிகிச்சை கர்ப்பப்பையை எடுப்பதாக இருக்க வேண்டியதில்லை. வெப்பத்தாலோ உறைகுளிராலோ அந்த இடத்து மேற்தோலை மட்டும் அழித்துவிடலாம். அல்லது மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் சீவி எடுத்துவிடலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பின்னர் சில வாரங்களுக்கு நீர்போல வெளியேறும். ஒரு மாதம் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். இந்த ஒரு மாதத்தைக் கணவருக்குப் புரியும்படி மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள்; பெண் சொல்லிக் கேட்கப்படாத வீடுகளில் வெள்ளைக் கோட்டின் சொல் கேட்கப்படுகிறது. பின்னர் மறு பரிசோதனைக்குத் தரும் தேதியில் தவறாமல் போக வேண்டும்.

உண்மையில் நாம் பெண்களை இழப்பது பரிசோதனை மேசையில் இல்லை. கிராமத்து நிலையத்திலிருந்து ஐகிரவுண்டுக்கு எழுதிக்கொடுத்த சீட்டுக்கும் ஐகிரவுண்டுக்கும் இடையிலுள்ள அந்த ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில்தான். சீட்டு அரிசிப் பானைக்கு மேல் பலகையில் இருக்கும். தைப்பொங்கல் கழியட்டும், மகள் பரீட்சை முடியட்டும் என்று ஆண்டு ஓடிவிடும். சீட்டுக் கிடைத்த அன்றே யாருடன் போவது, எந்த நாளில் போவது என்று முடிவு செய்துவிடுங்கள். புறநோயாளிப் பிரிவு காலையில் இயங்குவதால் முதல் பேருந்தைப் பிடிப்பது நல்லது. பழைய சீட்டுகள் அனைத்தும் ஒரே பையில் இருக்கட்டும்.

புற்றுநோய் என்றே உறுதியானால்

நோய் கர்ப்பப்பை வாயோடு நிற்கும் தொடக்க நிலையில் அறுவைச் சிகிச்சையால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். சற்றுப் பரவியிருந்தால், ஏறத்தாழ ஐந்து வாரங்கள் வாரத்துக்கு ஐந்து நாட்கள் வெளியிலிருந்து கதிர்வீச்சும், வாரம் ஒருமுறை மருந்தும், பின்னர் உள்ளே கருவி வைத்துத் தரும் கதிர்வீச்சும் என்பது வழக்கம். முழுச் சிகிச்சையும் எட்டு வாரங்களுக்குள் முடிந்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். மூன்றாம் வாரத்தில் வயிற்றுப்போக்கும் அயர்ச்சியும் வரும்போது, இரத்தப்போக்கும் நின்றிருப்பதால், குணமாகிவிட்டது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது நிறுத்துவது, பாதிக் களையெடுத்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போன்றது. செலவைக் கண்டு அஞ்ச வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை அடங்கும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். நோய் வருவதற்கு முன்பே அட்டையை எடுத்து வைத்திருப்பது இன்னும் நல்லது.

வீட்டில் வளரும் பெண்பிள்ளைக்கு

ஹெச்.பி.வி. தடுப்பூசி 9 முதல் 14 வயதுக்குள், வைரஸைச் சந்திக்கும் முன்பே போடப்படும்போது மிகுந்த பலன் தருகிறது. அந்த வயதில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை, 15 வயதுக்கு மேல் மூன்று தவணை என்பது வழக்கமான கணக்கு. ஒரு தவணையும் நல்ல பாதுகாப்புத் தரும் என்று 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. புணேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக், 16, 18ஆம் வகைகளோடு பாலுண்ணியை உண்டாக்கும் 6, 11ஆம் வகைகளையும் தடுக்கிறது. 14 வயதுச் சிறுமிகளுக்கு இத்தடுப்பூசியைப் படிப்படியாக வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பள்ளியிலிருந்து ஒப்புதல் படிவம் வந்தால், பிள்ளை உண்டாகாமல் போய்விடும் என்று பரவும் பேச்சைக் கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். அந்தப் பேச்சுக்கு ஆதாரம் ஏதும் இல்லை. ஊசி போட்டுக்கொண்ட பெண்ணும் 30 வயது ஆனபின் பரிசோதனைக்குப் போக வேண்டும், ஏனெனில் எல்லா வகைகளையும் ஊசி தடுப்பதில்லை.

அடுத்த தேதி

முடிவு நலமாக இருந்தால் அடுத்த முறை ஐந்து ஆண்டுகள் கழித்து. ஐந்து ஆண்டு என்பது மறந்துபோகப் போதுமான காலம். அதனால் நான் போகும் வீடுகளில், பீரோக் கதவின் உட்புறத்தில், சிலிண்டர் மாற்றிய தேதியும் பிள்ளைகளின் பிறந்த நேரமும் எழுதியிருக்கும் அந்த இடத்திலேயே, பரிசோதனை செய்த மாதத்தையும் ஆண்டையும், அதன் கீழே ஐந்தைக் கூட்டி அடுத்த ஆண்டையும் எழுதிவிட்டு வருவேன். மாமியாருக்கு ஒரு வரி, மருமகளுக்கு ஒரு வரி. உங்கள் வீட்டுப் பீரோவில் அந்த வரிகளுக்கு இடம் இருக்கும்.